எழுப்பக் கூடாத தூக்கம்

“நித்திரையடைந்தார்ங்கிறத மட்டும் எடுத்துடு” என்றாள் எலிசபெத்.

ரேச்சல் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். மூன்று மணிக்கு அடக்க ஆராதனை. அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பைப் பதினொன்றுக்குள் அனுப்பினால்தான் அச்சடித்துத் தர முடியும் என்று அல்வால் கடைக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

“எல்லாருக்கும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்னுதானம்மா போடறாங்க. வேற என்ன போடறது?”

“மரித்தார்னு போடு.”

கட்டிலில் உட்கார்ந்திருந்த டோரிஸ் முக்காட்டை விலக்கினாள். செத்துப்போன சிலாஸின் அக்கா அவள். “நக்கோ, நக்கோ, அது வேணாம். மரித்தார்னா மொட்டையா இருக்கும். என் தம்பி என்ன நாதியத்தவனா? எங்க அப்பாவுக்கும் நித்திரைதான் போட்டோம், அம்மாவுக்கும் நித்திரைதான்.”

லோத்குண்டாவின் அந்த வீட்டில் டோரிஸ் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ரேச்சல் அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். எலிசபெத்தும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லியாக வேண்டும்.

சிலாஸ் ரயில்வே டீசல் ஷெட்டில் ஃபிட்டர். கல்யாணமாகி வந்த வாரமே எலிசபெத் கற்றுக்கொண்ட பாடம், நைட் டியூட்டி முடித்து வந்து படுத்தவரை எக்காரணம் கொண்டும் எழுப்பக் கூடாது என்பது. குக்கர் விசில் அடிக்குமுன் அடுப்பை அணைத்துவிடுவாள். கைக்குழந்தையாக இருந்த ரேச்சல் சிணுங்கினால் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிடுவாள். காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கிவைத்த வீடு அது.

ரிட்டையராகி நாலு மாதம் வீட்டில் குட்டி போட்ட பூனையாகச் சுற்றிவிட்டு, போன வாரம்தான் சொன்னார், புவனகிரி மலை ஏறலாம் என்று. காஜிபேட் போகும்போதெல்லாம் ரயில் ஜன்னலில் பார்த்த பாறை. கோயில், கல்யாணம், சாவு தவிர இருவரும் சேர்ந்து எங்கும் போனதில்லை. முந்தாநாள் செவ்வாய்க்கிழமை முதல் வண்டியில் போனார்கள்.

முதலில் உட்கார்ந்தது எலிசபெத்தான். படி முடிந்து வழுக்குப் பாறை தொடங்கிய இடத்தில் முழங்கால் விட்டுப்போனது. “என்னால ஆகாதுங்க. நீங்க போயிட்டு வாங்க.”

“ரெண்டு பேரா வந்தோம், ரெண்டு பேராத்தான் ஏறணும்” என்று அவள் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். தெருவில் எப்போதும் பத்தடி முன்னால் நடக்கிற மனிதர், பத்தடிக்கு ஒரு தரம் நின்று திரும்பிப் பார்த்தார். அவளுக்கு அது பிடித்திருந்தது. வயசான காலத்தில் என்ன கூத்து என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

கோட்டை வாசல் நிழலுக்கு வந்ததும் அவர் உட்கார்ந்துவிட்டார். “வாயு பிடிச்சிருக்கு லிசி. நீ போ. மேல என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு.”

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் மலையைப் பார்த்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, செங்குத்தான இடத்தில் கைகளையும் ஊன்றித் தவழ்ந்து ஏறினாள். உச்சியில் காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போனது. கீழே ரயில் பாதை, ஏரி, தீப்பெட்டி தீப்பெட்டியாக வீடுகள். ஐம்பத்தெட்டு வயசில் தனியாக ஏறிவிட்டோம் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த சந்தோஷத்தைத்தான் இப்போது அவளால் மன்னிக்க முடியவில்லை.

இறங்கி வந்தபோது அவர் சுவரில் சாய்ந்திருந்தார். தொப்பி முகத்தின் மேல் கவிழ்ந்திருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றாள். பிறகு, வந்து சொல்லச் சொன்னாரே என்று, மேலே பார்த்ததையெல்லாம் தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அரை மணி நேரம். குறுக்கே பேசாமல் அவள் பேச்சை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம் ஒரு எறும்பு அவர் விரலில் ஏறி, கழுத்துக்குப் போய், உதட்டோரம் நின்றது. அவர் தட்டிவிடவில்லை.

எப்போது ஆனது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இப்போதுதான் என்றாள். இறங்கி வந்ததும் எழுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரிடமும் அவள் கேட்கவில்லை.

“நீ உடனே கொண்டுபோனம்மா. இதுக்கு மேல யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது” என்று நேற்றிலிருந்து நாலு தடவை ரேச்சல் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் எலிசபெத் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் யாராவது உள்ளே வந்தார்கள்.

வந்தவர்கள் ஐஸ் பெட்டியின் கண்ணாடி வழியே குனிந்து பார்த்து, ஒன்றையே சொன்னார்கள். “தூங்குற மாதிரியே இருக்காரு.” பக்கத்து வீட்டம்மா அதைத் தெலுங்கில் சொன்னாள். ஷெட்டில் கூட வேலை பார்த்த சலீம் உருதுவில் சொன்னார். மூன்று பாஷையிலும் சிலாஸ் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு அவரைச் சவப்பெட்டிக்கு மாற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். பாஸ்டர் அச்சடித்த தாளைப் படித்தார். நித்திரையடைந்தார் என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் நிறுத்தினார். பாட்டு முடிந்ததும் நான்கு பேர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

“குடும்பத்தார் கடைசியா ஒரு தரம் பாத்துக்கலாம்.”

டோரிஸ் நெற்றியில் முத்தமிட்டாள். ரேச்சல் முத்தமிட்டாள். எலிசபெத் குனிந்து, கோட்டுப் போட்ட அவர் தோளில் கையை வைத்தாள்.

“ஏங்க” என்றாள். “எழுந்திருங்க.”

தோளை உலுக்கினாள். பெட்டி லேசாக ஆடியது. இன்னும் பலமாக உலுக்கினாள். “எழுந்திருங்கன்னு சொல்றேன்ல.”

டோரிஸ் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். பெஞ்சுகளில் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். “விடும்மா, ப்ளீஸ், அப்பாவை விட்டுடு” என்று ரேச்சல் பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

எலிசபெத் கையை எடுக்கவில்லை. முப்பத்துநாலு வருடத்தில் ஒரு தடவைகூட அவரை எழுப்பியதில்லை. கூப்பிட்ட பிறகு எழுந்திருக்க எவ்வளவு நேரம் எடுப்பார் என்று அவளுக்குத் தெரியாது. மூடியை ஏந்தியபடி நாலு பேரும் நின்றார்கள்.