வெர்லீன் எழுதாத சொல்

நீதிமன்றத்திலிருந்து வந்த உறையைத் தபால் பெட்டியடியிலேயே நின்று கிழித்தாள் வெர்லீன் டாலிவர். அலபாமாவில் ஒரு கோழி ஆலையில் பத்தொன்பது வருடம் கத்தி பிடித்தவள். மேற்பார்வையாளர் வேலையை நான்கு முறை கேட்டாள். நான்கு முறையும் நேற்று வந்த வெள்ளைக்காரப் பையன்கள் அதில் ஏறி உட்கார்ந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு இருந்த வேலையும் போயிற்று. வக்கீல்கள் யாரும் தொடவில்லை. தன் கையாலேயே எழுதி, பாகுபாடு என்று வழக்குப் போட்டாள். அவள் கேட்டதெல்லாம் அந்த வேலையைத் திரும்பத் தர வேண்டும் என்பதுதான்.

முதல் பக்கம் படித்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல்.

"டேய் கிளியோஃபஸ், வெளிய வா. ஜெயிச்சிட்டோம் போலிருக்கு."

தம்பி சோளரொட்டியை மென்றுகொண்டே வந்தான்.

"'வாதி சொல்வது அனைத்தையும் உண்மை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்கிறது.' பாத்தியா? நான் எழுதினது அத்தனையும் உண்மையாம்."

"முதல் பக்கத்துலயே பாயசம் வெச்சிடாதக்கா. கடைசிப் பக்கத்தைத் திருப்பு."

திருப்பினாள். அத்தனையும் உண்மையாகவே இருந்தாலும், சட்டப்படி இதில் வழக்கே இல்லை. வாதி என்ன இனத்தவர் என்று மனுவில் ஓர் இடத்திலும் சொல்லப்படவில்லை. திருத்தி எழுத வாய்ப்புத் தந்தும் சொல்லவில்லை. வழக்கு தள்ளுபடி, இனி வாய்ப்பில்லை.

அவள் வாசற்படியில் உட்கார்ந்து அந்த வரிகளையே மூன்று தடவை படித்தாள்.

"அந்த ஜட்ஜு என்னைப் பாத்தாருடா. விசாரணை அன்னிக்குப் பத்தடி தள்ளி நின்னேன். அரை மணி நேரம் மூஞ்சியப் பாத்துத்தான் பேசினாரு."

"கண்ணால பாத்தது கணக்குல வராதாம். மனுவுல இருக்கணுமாம்."

நல்ல சட்டம். ஐம்பத்திரண்டு வருடமாக அவள் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், வாயைத் திறப்பதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் சங்கதி அது. அதைத் தெரியாது என்று சொல்ல ஓர் இடம் இருந்திருக்கிறது, அதுவும் நீதிமன்றம்.

கிளியோஃபஸ் உள்ளே போய் மனுவின் நகலைக் கொண்டுவந்து புரட்டினான். வாதி தாம் யார் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று, திருத்தி எழுதச் சொன்ன முதல் உத்தரவில் இருந்தது. அதற்காக அக்கா இரண்டு முழுப் பக்கம் சேர்த்திருந்தாள். ரயில் பாதைக்குத் தெற்கே குடியிருப்பவள். மருத்துவச்சி ஒடெல் டாலிவரின் மூத்த மகள். மவுண்ட் ஆலிவ் சர்ச்சில் முப்பது வருடமாகப் பாடுகிறவள். பதவி பெற்றவர்கள் வடக்குப் பக்கத்துச் சர்ச்சுப் பையன்கள்.

இந்த ஊரில் இதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். மவுண்ட் ஆலிவ் என்றாலே தோல் என்ன நிறம் என்று குழந்தைகூடச் சொல்லும். நீதிபதி இருப்பதோ பெரிய நகரத்தில். அவருக்கு அது ஒரு சர்ச்சின் பெயர், அவ்வளவுதான்.

"'நான் கறுப்புப் பொம்பளை'ன்னு ஒரு வரி. ஒரே ஒரு வரிக்கா. எழுதியிருக்கக் கூடாதா?"

வெர்லீன் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட வரவில்லை, திகைப்புத்தான்.

"அதையாடா கேட்டாங்க? நான் யாருன்னு கேட்டாங்க. யாருன்னுதான் சொன்னேன்."