காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு

என் பெயர் அஸீமா. வயது முப்பத்தொன்று. இதுவரை பதினாறு தரம் எலும்பு முறிந்திருக்கிறது. அதில் ஒன்று, தும்மியதற்கு! பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய். அதனால் எங்கள் ஏறாவூர் வீட்டில் யாரும் என்னைத் தொடமாட்டார்கள். பெருநாளைக்கும் சலாம் தூரத்திலிருந்துதான். எல்லாம் உம்மா போட்ட சட்டம்.

எலும்பைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மூன்று வருசமாகக் காதும் அடைத்துக்கொண்டு வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவள் நான். ஓதுவது கேட்டால்தானே பிழை திருத்தலாம்? கள்ளப் பிள்ளைகள், பாதிப் பக்கத்தை விழுங்கிவிட்டு முழுதும் ஓதியதுபோல முகத்தை வைத்துக்கொள்ளும். தாய்மார் விடுவார்களா? இருபது பேரில் இப்போது ஏழு பேர்தான் மிச்சம்.

அதனால்தான் மட்டக்களப்பு டவுனுக்குக் காது டொக்டரிடம் போனோம். வழியெல்லாம் ஒவ்வொரு குழிக்கும் உம்மா ஓட்டோக்காரரை ஏசினாள்.

டொக்டர் விதுர்ஷா என் காதருகே வந்து உரத்துப் பேசினார். "இந்த நோயில காதுக்குள்ள இருக்கிற சின்ன எலும்பும் பழுதாகும். உள்நரம்பு நல்லா இருந்தா மெஷின் போட்டு நல்லாக் கேக்கலாம். பிறகு ஒபரேஷனும் யோசிக்கலாம். நரம்பும் போயிருந்தாத்தான் கஷ்டம்."

பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே இசைக்கவையை எடுத்துத் தன் முழங்கையில் தட்டி, அது அதிரும்போதே என் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் வைக்க வந்தார். உம்மா எட்டி அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"என்ட அல்லாஹ்! எலும்புலயா இரும்ப வெக்கப் போறீங்க? தொட்டா முறியிற புள்ள டொக்டர்!"

எனக்கு வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டொக்டர் சிரித்தார். "அப்ப நீங்களே வைங்க உம்மா. நல்லா அமத்தி வைக்கணும்."

மறுபடி தட்டிக் கொடுத்தார். உம்மாவின் உதடு பிஸ்மி சொன்னது. ஈ வந்து உட்கார்ந்ததுபோல வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தரம். அப்போதும் இல்லை. அமத்தச் சொல்லி டொக்டர் சைகை காட்டினார். உம்மா தலையாட்டினாள், ஆனால் அமத்தவில்லை. நரம்பும் போய்விட்டது, இனி அந்த ஏழு பிள்ளைகளும் இல்லை என்றே நினைத்தேன்.

பிறகு கோபம் வந்தது. உம்மாவின் கையை அப்படியே பிடித்து என் தலையோடு அழுத்தினேன். "அமத்துங்க உம்மா! நான் என்ன முட்டைக் கோதா?"

ங்ம்ம்ம் என்று மண்டை முழுக்க நிறைந்தது.

"கேக்குது! உம்மா, கேக்குது!" அழுதுவிட்டேன்.

டொக்டர் இசைக்கவையை உம்மாவின் கையாலேயே காதுக்கு முன்னால் பிடிக்கவைத்துப் பார்த்தார். சத்தமில்லை. எலும்பில் வைத்தால் கேட்டது. "நரம்பு நல்லா இருக்கு. முதல்ல மெஷின் போடுவம். ஒபரேஷனுக்கு அவசரமில்ல, இந்த மாதிரி எலும்புல கைபழகின ஆளாப் பாத்துத்தான் செய்யணும்" என்றார்.

அடுத்த காதைப் பார்க்க இசைக்கவைக்குக் கை நீட்டினார். உம்மா கொடுக்கவில்லை.

"மத்தப் பக்கமும் நானே வெக்கிறன்."

தன் முழங்கையில் ஓங்கித் தட்டினாள். மற்றக் கையால் என் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அமத்தினாள். நன்றாக வலித்தது. நான் சொல்லவில்லை.