வேதப்புத்தகத்துக்குள் பத்தொன்பது அட்டைகள்

அருமனை நேசமணி வாத்தியார் அதைக் கவனித்தபோது மாப்பிள்ளை வீட்டுக் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. முன்னறை ஷோகேஸில், மகள் ஜெனிலா சேர்த்த அஞ்சலட்டைகள் பத்தொன்பதும் வரிசையாக நின்றன. அமெரிக்காவில் அறுபதுகளில் நடந்த ராக் கச்சேரிகளுக்கு அச்சடித்த விளம்பர அட்டைகள். உருகி வழியும் மெழுகு மாதிரி எழுத்து, ஊதா மண்டையோடு, புகை, பாம்பு. டீச்சர் வேலைச் சம்பளத்தில் அவள் இணையத்தில் தேடித்தேடி வாங்கிய குப்பை.

பெண் பார்க்க வந்திருப்பவரோ மாப்பிள்ளையின் அப்பா, களியக்காவிளை ஜெபதாஸ். சபைக் கமிட்டியில் இருபது வருடம் இருந்தவர். ஜெனிலாவுக்கு இந்த 2009-இல் முப்பது முடிகிறது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயாயிற்று. இதுவும் போனால் சபையில் தலை நிமிர முடியாது.

அட்டைகளை வாரினார். எங்கே வைக்க? தாத்தா காலத்துப் பெரிய வேதப்புத்தகம் கண்ணில் பட்டது. குடும்பத்தில் பிறப்பு, கல்யாணம், மரணம் எழுத மட்டுமே அதைத் திறப்பார்கள். ஜெபத்துக்கு ஆளுக்கொரு சின்னப் புத்தகம் உண்டு. அட்டைகளைப் பெரிய புத்தகத்துக்குள் செருகிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார்.

முந்திரிக்கொத்து, சாயா, ரப்பர் விலை எல்லாம் முடிந்தது. ஜெபதாஸ் எழும்புமுன் சொன்னார்: "ஒரு பகுதி வாசிச்சு ஜெபம் பண்ணிட்டு எறங்குவோம். அந்தப் பெரிய புஸ்தகத்தை எடும் வாத்தியாரே. பழைய குடும்பமாக்கும்ண்ணு கேட்டிருக்கேன், பெரியவங்க எழுத்தையும் பாக்கலாமே."

"அது செல்லரிச்சது. தொட்டா ஒடிஞ்சிரும்."

"நான் மெதுவாத்தான் தொறப்பேன், பயப்படாதேயும்."

ஜெபதாஸே எடுத்து மடியில் வைத்துத் திறந்தார். ஒரு அட்டை நழுவியது. தலைமுடி தீயாக எரியும் பெண். உடம்பில் ஒரு மயில்தோகை தவிர வேறு துணியில்லை.

வாத்தியாரின் மனைவி ரத்தினபாய் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

"இது யாருக்கது?" என்றார் ஜெபதாஸ்.

ஜெனிலா பேச வாயெடுத்தாள். வாத்தியார் முந்திக்கொண்டார். "எனக்கது."

"வாத்தியாருக்கு இந்தப் பழக்கமும் உண்டோ? சரி, இதில என்ன எழுதியிருக்கு?"

முப்பத்தாறு வருடம் இங்கிலீஷ் நடத்தியவருக்கு அதில் ஒரு எழுத்துக்கூடப் பிடிபடவில்லை.

"வயலட் லான்டர்ன், அங்கிள்" என்றாள் ஜெனிலா. "பாட்டுக் குழுவுக்க பேரு. அஞ்சு பேரு. டிரம்ஸ் அடிச்சது ஒரு பொண்ணு. ரெண்டே ரெக்கார்டு போட்டுட்டு பிரிஞ்சிட்டாங்க. அவசரமாப் போறவன் படிக்கப்பிடாதுண்ணே எழுத்தை அப்படி வரைஞ்சது. நின்னு பாக்கணும்."

"அப்பனுக்க அட்டையை மகளாக்கும் வாசிக்குது!" என்றார் ஜெபதாஸ்.

அது சிரிப்பா குத்தலா என்று வாத்தியாருக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளை ஜினோ அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜெபதாஸ் ஒன்றும் நடவாதது போல வாசித்தார், நீளமாக ஜெபித்தார். "வீட்டில கலந்துட்டு நாளைக்குக் காலையில போன் பண்ணுதோம்" என்று இறங்கினார்.

மறுநாள் மதியமாகியும் போன் வரவில்லை. வாத்தியார் அதன் பக்கத்து நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

"எதுக்குப்பா பொய் சொன்னிய? நானே சொல்லியிருப்பேனே" என்றாள் ஜெனிலா.

"என்ன பொய்யி? எனக்க மகளுக்கது எனக்கது இல்லியா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அந்த அட்டைக் கெட்டை எடுத்துட்டு வா. மனுஷன் போனில இன்னொரு அட்டையைப் பத்திக் கேட்டா நான் முழிச்சிட்டு நிக்கவா? முதல் எழுத்து எங்க தொடங்குது?"

ஜெனிலா கெட்டை எடுத்து வந்து, மேலிருந்த அட்டையில் அந்தப் பெண்ணின் எரியும் கூந்தலில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள். வாத்தியார் குனிந்து தேடினார், காதைப் போன் பக்கமே வைத்துக்கொண்டு.