ஜீப்பில் ஏறிய மச்சான்

“நகராட்சி வாகனத்தில் உறவினரை ஏற்றிச் செல்லும் ஊழியர் உடனே வேலைநீக்கம் செய்யப்படுவார். நேற்று நடந்ததற்கும் இது பொருந்தும்.”

நகராட்சிக் கூட்டத்தில் தீர்மானத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு, கமிஷனர் சிவசைலம் கதவுப் பக்கம் பார்த்தார். அங்கே நின்றிருந்தான் ஜீப் டிரைவர் ஜமாலுதீன். நேற்று என்றால் அவன்தான்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற சாலையில் இருந்தது அந்தச் சின்ன நகராட்சி. பிளீச்சிங் பவுடர் மூட்டை ஏற்ற நேற்று கடலூருக்குக் கிளம்பிய ஜமாலுதீனை, வழியில் ஒரு கரும்பு வண்டி மறித்தது. ஓட்டி வந்தவன் அவன் சிநேகிதன் வைத்திலிங்கம். உள்ளே அவன் மனைவி மங்கலம், பிரசவ வலியில், நினைவு தப்பிக் கிடந்தாள். இருவரையும் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு கடலூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

கெட்ட நேரம், கடலூர் பெட்ரோல் பங்கில் கமிஷனர் நின்றிருந்தார். ஜீப்புக்குள் இருந்தவர்களை அவர் பார்க்கவில்லை. “மச்சான், தங்கச்சி தலையத் தூக்கிப் புடி” என்ற ஜமாலுதீனின் குரலை மட்டும் கேட்டுவிட்டார். அவர் திருநெல்வேலிக்காரர். வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“யாரை ஏத்திட்டுப் போன?” என்று இப்போது சபையில் கேட்டார்.

‘தெரியாதுன்னே சொல்லிடு’ என்று ஹெட்கிளார்க் காலையிலேயே பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். வீட்டில் மனைவி மெகருன்னிசாவும் மூன்று பெண்களும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள்.

“யாருன்னே தெரியாது சார். வழியில கையக் காட்டுனாங்க.”

“ஏம்டே, தெரியாத ஆளையா மச்சான்னு கூப்பிடுத?”

அவன் வாய் திறப்பதற்குள் வெளியே சலசலப்பு. பியூன் தடுத்ததையும் தள்ளிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறும் தோளில் அழுக்குத் துண்டுமாக வைத்திலிங்கம் உள்ளே வந்து நின்றான். கடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு வந்திருந்தான்.

“மச்சான், நீ மாமனாயிட்ட. ஆம்பளப் புள்ள. ரெண்டு உசுரும் பொழச்சிடுச்சி.”

வேலை போயிற்று என்று முடிவு செய்துகொண்டான் ஜமாலுதீன். கமிஷனரோ திருநீற்றையும் டிரைவரின் வெள்ளைத் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். எந்த வழியில் உறவு என்று கேட்டார்.

சேர்மன் தட்சிணாமூர்த்தி தொண்டையைக் கனைத்தார்.

“இந்தப் பக்கம் இப்பிடித்தான் சார் கூப்புடுவாங்க. என்னைய இவன் மாமான்னுதான் சொல்றான். நீங்க எழுதியிருக்கிறபடி பாத்தா, நாளையிலேர்ந்து நானும் ஜீப்புல ஏறாம நடந்துதான் ஆபீஸ் வரணும்.”

கவுன்சிலர்கள் சிரித்தார்கள். கமிஷனர் சிரிக்கவில்லை. ‘உறவினர்’ என்ற சொல்லை அடித்தார். உயிர் போகிற அவசரத்தில் யாரையும் ஏற்றலாம், அன்றே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மாற்றி எழுதினார். எல்லாக் கையும் உயர்ந்தது.

“உறவு போகட்டும்” என்று பேனாவை மூடினார் அவர். “தெரியாதுன்னு சபையில பொய் சொன்னியே, அதுக்கு என்ன செய்ய?”

தெரியாது என்ற சொல் வைத்திலிங்கத்தின் முகத்தில் அறைந்ததைத்தான் ஜமாலுதீன் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை தப்பியது, ஜீப் போயிற்று. அன்று முதல் குப்பை லாரி.

வெளியே வந்ததும் வைத்திலிங்கம் முகம் கொடுக்காமல் நடந்தான். ஜமாலுதீன் எட்டிப் போய் அவன் துண்டைப் பிடித்தான்.

“பயந்துட்டன்டா.”

வைத்திலிங்கம் நின்றான். துண்டை விடுவித்துக்கொள்ளாமலே திரும்பினான்.

“தங்கச்சி உன்னைக் கேட்டா. லாரிய எடுத்துக்கினு வந்துடாத. பஸ்ஸுல வா.”