ஒத்திகைப் பதில்கள்

கருத்துக் கணிப்பு நிறுவனத்தில் அவளுடைய வேலை, கேள்விகளைச் சோதித்துப் பார்ப்பது. தேர்தலோ ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ, எதைப் பற்றிய கேள்வியானாலும் அது வீடு வீடாகப் போவதற்கு முன்னால் அவள் நாலு பேரிடம் வாய்விட்டு வாசிக்க வேண்டும். பதில் சொல்பவர் எங்கே முழிக்கிறார், எங்கே சலித்துக்கொள்கிறார் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவள் கணவன் கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அவனுக்கு ஓய்வு, அப்போதுதான் பேச்சு. ஆரம்பத்தில் வாய் ஓயாமல் பேசினார்கள். போகப் போக "சாப்டீங்களா", "தூங்கினியா", "அங்க மழையா" என்பதோடு பேச்சு வற்றிவிடும். ஆசை வற்றவில்லை, அதைச் சொல்லத்தான் வார்த்தை அகப்படவில்லை. போனை வைத்த பிறகு பாதிச் சாப்பாட்டில் எழுந்த மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு ஞாயிறு, பேச்சு அறுந்துவிடுமே என்ற பயத்தில் அவள், "ஏங்க, ஆபீஸ் கேள்வி கொஞ்சம் வாசிக்கிறேன், பதில் சொல்றீங்களா?" என்றாள்.

"நான் உன் புருஷன்மா. என் பதில் செல்லுமா?"

"செல்லாது. வேற யாராவது மாதிரி சொல்லுங்க."

அவனுக்கு அது போதாதா? ஒரு வாரம் கஞ்சக் கடைக்காரர் ஆனான். "ஓட்டா? நான் வரிசையில நின்னா கடையை யாரு பாத்துக்குவா?" இன்னொரு வாரம் ரிட்டயரான கணக்கு வாத்தியார். "முதல்ல வாக்கியத்தை ஒழுங்கா முடிம்மா, அப்புறம் என் அபிப்பிராயத்தைக் கேளு" என்று அதட்டினான். பிறகு ஒரு வாரம், மூன்று பிள்ளைகளின் அம்மாவாகக் கீச்சுக்குரலில் பள்ளிக்கூடத்தைத் திட்டித் தீர்த்தான். மாடி அறையில் கட்டிலில் சாய்ந்தபடி அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கீழே இருந்து நாத்தனார், அவனுடைய அக்கா, குரல் கொடுத்தாள்: "அப்படியே இந்த வீட்டுல அக்கா ஆட்சி எப்படின்னும் அவன்கிட்ட கேளு!"

பேச்சு மணிக்கணக்கில் நீண்டது. ஆனால் போனை வைத்த பிறகு யோசித்தால், கடைக்காரரும் வாத்தியாரும்தான் வந்து போனார்கள், இவன் வரவேயில்லை என்று தோன்றும். அவனுடைய சொந்தக் குரலுக்குக் காது ஏங்கும்.

அடுத்த ஞாயிறு வாசித்தது, வேலையும் உடம்பும் பற்றிய கேள்விகள். அவன் லாரி டிரைவராக வந்திருந்தான். முதுகுவலி உண்டா என்றதற்கு, "முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு மேடம்" என்றான். அவள் சிரித்துக்கொண்டே அடுத்ததை வாசித்தாள்.

"வேலை முடிஞ்சு வந்தா, மனசுவிட்டுப் பேச உங்களுக்கு யாராவது இருக்காங்களா? எப்பவும், சில சமயம், ஒருபோதும் இல்லை."

அந்தப் பக்கம் காற்று மட்டும் இரைந்தது.

"கேள்வி புரியலையா?"

"புரியுது." டிரைவரின் கட்டைக்குரல் எங்கோ போயிருந்தது. "ஞாயித்துக்கிழமை மட்டும்னா, அது எதுல சேரும்?"

பழக்கதோஷத்தில் அவள் அடுத்த கேள்விக்குத் தாவினாள். "அடுத்த வருஷமும் இதே வேலையில இருப்பீங்களா?"

"ம்."

"இது டிரைவர் பதிலா?"

"இல்லம்மா. என் பதில்." மென்று விழுங்கினான். "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். வாராவாரம் சொல்லணும்னுதான் நினைக்கிறேன், வாய் வரலை. அங்க வந்தா எனக்குக் கிரேன் எங்க இருக்கு? சும்மா உக்காந்தா நான் என்ன ஆவேன்னு உனக்கே தெரியும்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேஷம் கட்டிச் சிரிக்கவைத்ததெல்லாம் இதை மூடி மறைக்கத்தானா?

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஊர்ல இருக்கறவங்க அபிப்பிராயத்தை எல்லாம் கேக்கறது என் பொழப்பு. என் அபிப்பிராயத்தைக் கேக்க ஒரு நாதி இல்லை."

"இப்ப கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?" என்றான்.

தேர்ந்தெடுத்துக்கொள்ளப் பதில்கள் எதுவும் கொடுக்காமல் யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. வார்த்தை திக்கித் திக்கித்தான் வந்தது.

"கட்டில்ல உங்க பக்கம் துவைச்ச துணியைக் குவிச்சு வச்சிருக்கேன். காலியா இருந்தா பாக்க முடியலை. அன்னிக்கு உங்க சட்டையைச் செவுத்துல மாட்டிட்டு, உங்க தோள் எனக்கு எதுவரைக்கும் வரும்னு பக்கத்துல நின்னு பாத்தேன். சரியாத் தெரியலைங்க. மறந்துடுவேனோன்னு பயமா இருக்கு."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "கையெழுத்தைத் திருப்ப முடியாதும்மா. ஆனா நடுவுல ஒரு மாசம் லீவு கேக்கலாம். வந்துட்டுத் திரும்பறது இதைவிடக் கொடுமைன்னுதான் கேக்காம விட்டேன்."

"பரவாயில்லை. வாங்க."

"நான் கிளம்பும்போது நீ அழுவ."

"அழுவேன். வாங்க."

மறுநாள் ஆபீஸில் மேனேஜர், "அந்தப் பேச்சுத் துணைக் கேள்வி ஜனங்களுக்குப் புரியுதா?" என்று கேட்டார். "புரியுது சார். பதில் வரத்தான் நேரமாகுது. கேக்கறவங்க அவசரப்படுத்தக் கூடாது" என்றாள்.

லீவு கிடைத்தது, தேதியும் தெரிந்தது. அதுவரை எப்படியோ காலத்தைத் தள்ளியவளால் அதற்குப் பிறகு ஒரு சாயங்காலத்தைக்கூடத் தள்ள முடியவில்லை. ஆபீஸ் விட்டு வரும்போது முன்னால் அவனைப் போல யாராவது உயரமான ஆள் நடந்தால் போதும், கால் தானாக வேகம் பிடிக்கும். அவனில்லை என்று தெரிந்தேதான் தெருமுனைவரை பின்னாலேயே நடப்பாள்.