வெள்ளை வேன் இடிக்கவில்லை

பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே கார் மூக்குடைந்து நின்றது. சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் அம்மா, குந்தி உட்கார்ந்து, நசுங்கலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். காரை ஓட்டியவள் இரண்டடி தள்ளி, கணவனோடு நின்றாள்.

முந்தாநாள் காலையில் நடந்தது அது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனவள், கடைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வண்டியைத் திருப்பும்போது பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டாள். எதிரே கான்கிரீட் தூண். அழுதுகொண்டே கணவனைக் கூப்பிட்டாள்.

"யாராச்சும் பாத்தாங்களா?" என்றுதான் அவன் முதலில் கேட்டான். "நம்ம தப்புன்னு தெரிஞ்சா சல்லிக்காசு தரமாட்டாங்க. நான் பேசிக்கறேன். நீ வாயத் திறக்காதே."

கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசியும்விட்டான். சும்மா நின்ற வண்டியை ஒரு வேன் இடித்துவிட்டுப் போய்விட்டதாம்.

சர்வேயர் எழுந்தார். "எந்த வேன்?"

"வெள்ளை வேன் மேடம். பக்கத்துக் கடைக்கு தினமும் சரக்கு இறக்க வருமே, அது." பொய்க்குக் காலில்லை என்பார்கள், அவன் வாயில் அது நன்றாகவே ஓடியது.

"அப்ப ஆளைக் கண்டுபிடிக்கறது சுலபம். இங்கேருந்து நேரா அங்கதான் போறேன். இடிச்சிட்டு நிக்காம போனா போலீஸ் கேஸ். அவர் வேலையும் போயிடும்."

அந்த டிரைவரை அவளுக்குத் தெரியும். போன மாதம் அவள் மாட்டிவிட்ட கண்ணாடியோடு எதிர்க்கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, குழந்தை மாதிரி சிரித்தவர்.

அவள் உதடு அசைவதைப் பார்த்து, கணவன் அவள் முழங்கையை இறுக அழுத்தினான். வலித்தது.

"வேன் இடிக்கல மேடம். நான்தான் தூண்ல இடிச்சேன்."

கணவன் முகத்தில் ஈயாடவில்லை. சர்வேயரோ அசரவில்லை. "தூணோட மஞ்சள் பெயிண்ட் பம்பர்ல அப்பியிருக்கே. எப்ப சொல்வீங்கன்னுதான் பாத்தேன்."

"அப்ப ஒண்ணும் கிடைக்காதா?" என்றான் கணவன்.

"ஏன் சார்? நீங்க மோதல் காப்பீடும் சேத்துத்தானே எடுத்திருக்கீங்க! தூணோ, மரமோ, இன்னொரு வண்டியோ, உங்க தப்பாவே இருந்தாலும், மோதினதுல உங்க வண்டிக்கு வர்ற சேதத்துக்கு அது குடுக்கும். முதல்ல கொஞ்சம் நீங்க போடணும், மீதி கம்பெனி. பொய்க்குத்தான் குடுக்காது. நடந்தத இப்பவே எழுதிக் குடுங்க. போன்ல சொன்ன கதைய மன்னிக்கறதும் மன்னிக்காததும் கம்பெனி இஷ்டம்."

அவள் எழுதினாள். அவனும் கீழே கையெழுத்துப் போட்டான்.

பஸ் நிறுத்தத்தில் அவன் வெடித்தான். "அன்னியப் பொம்பளை முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே!"

"ஒருத்தர் பொழப்புல மண்ணள்ளிப் போட இருந்தோம். அது பரவாயில்லையா?"

பஸ் வந்ததும் அவன் முதலில் ஏறிக்கொண்டான். அன்றும் மறுநாளும் வீட்டில் தானே போட்டுத் தனியாகச் சாப்பிட்டான். கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டு அவனைக் குடைந்தெடுத்தார்கள். இனி இப்படிப் பொய் சொன்னால் காப்பீடே கிடையாது என்று எச்சரித்து, கடைசியில் சேதத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தச் செய்தி வந்த மாலை அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"காப்பீடு எடுக்கும்போது நான் ஒரு வரிகூடப் படிக்கல," என்றான். "கை இன்னும் வலிக்குதா?"

"வலிக்குது," என்றாள் அவள், திரும்பாமல்.