அரைக் கட்டை

ஊரில் நேரடி இசைக்கு எதிர்காலமே இல்லை என்று சொல்கிறவர்கள் ஒருவரும் சனிக்கிழமை நாலு மணிக்குச் சோபாக் கடை மாடிக்கு வந்து பார்த்ததில்லை. வந்து பார்த்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் வசதியாகச் சாய்ந்துகொண்டு சொல்லியிருப்பார்கள்.

அங்கே நாற்காலி கிடையாது. கீழே விற்காமல் தேங்கிய சோபாக்களை மாடியில் வரிசையாகப் போட்டிருந்தார் கடைக்காரர். எதிலும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. பாட்டு உருக்கமான இடத்துக்கு வரும்போது யாராவது கால் மாற்றிப் போடுவார்கள், உறை 'கிறீச்' என்று பக்கவாத்தியம் வாசிக்கும். கூட்டம் முப்பது பேர் தேறும். அதில் பதினாலு பேர் வேறு குழுக்களில் வாசிக்கிறவர்கள். ஊரில் பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும் ஏறக்குறைய ஒரே ஆட்கள்தான். வாரம் மாறினால் இடம் மாறி உட்காருவார்கள். இந்த வாரம் நீ எனக்குக் கை தட்டு, அடுத்த வாரம் நான் உனக்கு.

முன்பெல்லாம் இப்படி நாலு இடம் இருந்தது. ஒன்று உடற்பயிற்சிக் கூடமானது, ஒன்று டியூஷன் சென்டர். மூன்றாவது இடத்து உணவகத்தில் மேடை இருந்த மூலையில் ஐஸ்கிரீம் பெட்டி வைத்தார்கள். அதுவும் ஒரே சுருதியில் ஓயாமல் முனகுகிறது, அதற்குக் கூட்டமும் அதிகம். மிச்சம் இந்த மாடி.

மாடியின் சனிக்கிழமைக் குழுவில் மூன்று பேர். கிட்டார் வாசித்துப் பாடுவது அக்கா. வார நாட்களில் கூரியர் அலுவலகத்தில் டோக்கன் எண் கூப்பிடுகிறவள். டிரம்ஸ் வாசிப்பவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். பாட்டு வேகமெடுத்தால் அவர் கால் தானாகவே இல்லாத பிரேக்கைத் தேடும். மூன்றாவது, அக்காவின் தம்பி. ஜெராக்ஸ் கடையில் வேலை, மாடியில் பேஸ் கிட்டார். வாசிக்கும்போது முகமும் அசையாது, உடம்பும் அசையாது என்பதால் பெயர் தூண். ஒரு தடவை முன்வரிசை அம்மா ஒருவர் கைப்பையை அவன் தோளில் மாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். இரண்டு பாட்டு முடியும்வரை அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சோபாக்காரர் மாடி ஏறி வந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று, காலால் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சனிக்கிழமை கச்சேரி கிடையாது," என்றார். "இனிமே கிடையாது."

"ஏன் சார்?" அக்கா கிட்டாரைக் கீழே வைத்தாள்.

"கீழ நம்ம கடையை ஒட்டி இருக்கிற பல் டாக்டர் எழுத்துலயே கொடுத்துட்டாரும்மா. மாடியில மரம் சரியில்லையாம், பாதியை இறக்கணுமாம். மூணு வாரமா கவனிச்சிருக்காரு." சட்டைப் பையைத் தட்டினார். "இது நான் நின்னு போட்ட பலகை. இதுல ஒருத்தன் குறை சொல்றானேன்னு எனக்கு வயிறு எரியுது. ஆனா படிச்சவரு சொல்றாரு. நீங்க முப்பது பேரு தொபுக்கடீர்னு அவரு தலையில விழுந்தா என்ன பண்றது?"

"தச்சரைக் கூப்பிட்டுப் பார்க்கலாமே?"

"ஒரு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் சும்மா கிடக்கிற இடம்தானே, மெத்தை வருது. ஓரமா அடுக்கிடறேன்."

மாஸ்டர் குறுக்கிட்டார். "மெத்தை கனம் இல்லையா சார்?"

"மெத்தை குதிக்காதுப்பா."

மெத்தை ஏறினால் இறங்காது என்பது மூன்று பேருக்கும் தெரியும். கடைக்காரர் போன பிறகு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நாளெல்லாம் "நூத்து நாப்பத்தேழு, கவுண்டர் ரெண்டு" என்று சொல்கிற தொண்டைக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் வேறு வேலை கிடைத்துக்கொண்டிருந்தது. அதுவும் போச்சு. தூணுக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தான். கடைவாய்ப் பல் சுரீர் என்றது. மூடிக்கொண்டான்.

அந்தப் பல் ஒரு வாரமாகவே அவனை மிரட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது. ஜெராக்ஸ் கடைக்கு வந்தவர்கள் காகிதத்தை விட்டுவிட்டு அவனையே பார்த்தார்கள். நடக்கிற தூரத்தில் இருந்தது ஒரே ஒரு பல் டாக்டர். தங்கள் பாட்டுக்கு உலை வைத்த ஆளிடமே போய் வாயைத் திறக்க வேண்டிய நிலைமை. போகிற வழியெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி யோசித்து வைத்தான். நாலாவது நன்றாகவே வந்திருந்தது.

"ஆ காட்டு," என்றார் டாக்டர்.

நாலு கேள்வியும் அதோடு போயின.

ஊசி போட்டார். பஞ்சு அடைத்தார். பிறகு, நோயாளியால் பதில் சொல்ல முடியாது என்று உறுதியானதும் எல்லாப் பல் டாக்டர்களையும் போலப் பேச ஆரம்பித்தார். "நீ மேல வாசிக்கிற பையன்தானே? அசையாம நிப்பியே?"

"ஆ."

"இதோ இந்த மெஷின் புதுசு. மூணு வாரம்தான் ஆச்சு." காலால் அழுத்தினார். மெஷின் 'ஙீ' என்று பாட ஆரம்பித்தது. "பழசு வேற மாதிரி. உங்க அக்கா எந்தக் கட்டையில பாடுவாங்களோ, சொல்லி வெச்ச மாதிரி அதே கட்டை. அவங்க மேல பாடுவாங்க, நான் கீழ குடைவேன். நோயாளிகளே தலையாட்டுவாங்க. நான்தான் ஆட்டாதீங்கன்னு சொல்லணும்."

அந்த நேரம் மாடியில் குரல் கேட்டது. வேலை முடிந்து சாமான் எடுக்க வந்த அக்கா, ஆம்ப்ளிஃபயரின் வயரைச் சுருட்டிக்கொண்டே வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தாள். டாக்டர் மேலே விரல் காட்டினார்.

"கேட்டியா? அவங்க அஞ்சரைக் கட்டை. இது அஞ்சு. ரெண்டும் சேர்ந்தா எனக்கே பல்லு கூசுதுப்பா. சின்ன வயசுல ஆறு வருஷம் பாட்டு கத்துக்கிட்ட காது. அதான் சோபாக்காரருக்கு மரியாதையா ஒரு வரி எழுதினேன். மூன்று வாரமாக மேலே கட்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்கச் சொல்லுங்கள்னு. அதுக்கு ஒரு பதில் இல்லை."

தூணுக்கு உச்சந்தலையில் பல்பு எரிந்தது. மரம்! அந்த மனுஷன் கட்டையை மரம் என்று படித்திருக்கிறார்! அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக அசைந்தான். சாய்வு நாற்காலியில் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"கத்த... கத்த..." என்றான்.

"கத்தணும் போல இருக்கா? மருந்து ஏறலை போல," என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார்.

அரை மணி கழித்து, கீழ் முகம் முழுவதையும் யாருக்கோ இரவல் கொடுத்துவிட்டவன் மாதிரி எழுந்தான். மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி நீட்டினான். 'அவர் கட்டைன்னா மரம்னு நினைச்சிட்டார். தரை இடியும்னு மாடியைப் பூட்டுறார்.'

டாக்டர் இரண்டு தடவை படித்தார். கையுறையைக்கூடக் கழற்றாமல் கடைக்கு நடந்தார்.

மெத்தை வண்டி அப்போதுதான் வாசலில் நின்றிருந்தது.

"நான் கட்டைன்னு சொன்னது சுருதிங்க," என்றார் டாக்டர்.

சோபாக்காரர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தார். "அப்ப சுருதின்னே எழுத வேண்டியதுதானே?"

"சுருதின்னா உங்களுக்குப் புரியுமோ என்னமோன்னு... கட்டைன்னா உங்க தொழிலாச்சே."

"அப்ப என் பலகை?"

"உங்க பலகைக்கு என்னங்க? யானை கட்டலாம்."

சோபாக்காரர் முகத்தில் இரண்டு நாளாக இருந்த இறுக்கம் விட்டது. வண்டிக்காரரைப் பார்த்து, "பின்னால கொட்டகைக்குக் கொண்டு போப்பா," என்றார். பிறகு தூணைப் பார்த்தார். "நீ என்ன, வாயில தண்ணி ஒழுகுது?"

"ஆ," என்றான் தூண். அது சந்தோஷம் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

மிச்சம் இருந்தது அக்கா. டாக்டர் மாடி ஏறி விஷயத்தைச் சொன்னபோது, டிரம்ஸை எடுத்துப் போக மாஸ்டரும் வந்திருந்தார்.

"இறங்கறதா? நானா?" என்றாள். "ரெண்டு வருஷமா அஞ்சரையில பாடிட்டிருக்கேன். ஒரு மெஷினுக்காக இறங்கணுமா? நாளைக்கு ஐஸ்கிரீம் பெட்டிக்காக ஏறச் சொல்வீங்களா?"

"மேடம், ஒண்ணு சொன்னா கோபப்படக் கூடாது," என்றார் மாஸ்டர். "அந்த மேல் இடம் வரும்போது நான் ஏன் எப்பவும் ஜால்ராத் தட்டை ஓங்கி அடிக்கிறேன்னு நினைக்கிறீங்க?"

"உணர்ச்சிவசப்பட்டு."

மாஸ்டர் தரையைப் பார்த்தார். பலகை நன்றாகத்தான் இருந்தது.

அக்கா தம்பியைப் பார்த்தாள். "டேய், அப்படியா? ரெண்டு வருஷமாவா?"

அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. இந்தத் தடவை அதற்கு மருந்தும் காரணம். ஆனால் கை மட்டும் பேஸ் கிட்டாரின் சாவிகளை ஒவ்வொன்றாகத் திருகி, நாலு கம்பியையும் அரைக் கட்டை தளர்த்தியது. அக்கா நாலாவது கம்பி வரைக்கும் அதைப் பார்த்தாள். பிறகு தன் கிட்டாரை மடியில் எடுத்தாள். "தொலையட்டும், ஒரு வாரம் பார்க்கலாம்," என்றாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு முப்பத்தோரு பேர் வந்தார்கள். முப்பத்தோராவது ஆள் கீழே காத்திருக்கப் பொறுக்காமல் மேலே வந்த பல்வலிக்காரர்.

முதல் பாட்டு. மேல் இடம் வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு பயந்துகொண்டே போனாள். அங்கே போய்ச் சேர்ந்தும்விட்டாள். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடிப்போய்ப் பார்த்தால், டிரைவர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்த மாதிரி இருந்தது. தூணுக்கு அது உள்ளங்காலில் தெரிந்தது. மற்ற யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் மாஸ்டர் பழக்கதோஷத்தில் 'ஜ்ஜாங்' என்று தட்டை அடித்து, அவள் வாழ்நாளின் முதல் சரியான மேல் ஸ்வரத்தைத் தரைமட்டமாக்கியிருந்தார்.

அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். சில கண்ணாடிகள் அதைவிடச் சின்னப் பார்வைக்கு விரிசல் விட்டிருக்கின்றன.

இரண்டாவது தடவை அதே இடம் வந்தது. மாஸ்டரின் குச்சி மேலே போனது. வலது கால் ஓங்கி இல்லாத பிரேக்கை மிதித்தது. குச்சி காற்றில் அப்படியே நின்றது.

குரல் மட்டும் போனது. மேலே, நேராக, தடங்கல் இல்லாமல். கீழேயிருந்து 'ஙீ' என்று மெஷின் அதே இடத்தில் வந்து சேர்ந்துகொண்டது. சோபாக்களில் ஒருவரும் கால் மாற்றிப் போடவில்லை. முப்பத்தோரு பேர் உட்கார்ந்த பிளாஸ்டிக் உறையில் ஒரு சத்தம் இல்லை. ஊரில் இதைவிடப் பெரிய பாராட்டு இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

தூண் தன் ஒரே ஸ்வரத்தை வாசித்துக்கொண்டிருந்தான். பார்க்கிறவர்களுக்கு எப்போதும் போலத்தான் இருந்திருக்கும். பாதி வாய் மட்டும், மருந்து முந்தின நாளே இறங்கிவிட்டபோதும், ஒரு பக்கமாகக் கோணியது.

கடைசி வரிசையில் சோபாக்காரர் எழுந்து நின்று, குதிகாலால் பலகையை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பல்வலிக்காரரிடம் குனிந்தார்.

"கட்டை எப்படி?"

பல்வலிக்காரர் கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டினார்.

"நான் போட்டது," என்றார் சோபாக்காரர்.